போர்க்கப்பல் நினைவு நாணயங்கள்: சேர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு கையேடு

புகழ்பெற்ற போர்க்கப்பல்களின் பெயரைச் சொல்லி விற்கப்படும் வட்டமான உலோகத் துண்டுகள் எல்லாமே நாணயங்கள் அல்ல என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே இந்தச் சேகரிப்பில் பணத்தை இறக்க வேண்டும். சந்தையில் மூன்று வகைப் பொருள்கள் ஒரே தட்டில் வைத்து விற்கப்படுகின்றன. ஓர் அரசு முகமதிப்போடு, அதாவது பணமதிப்பைப் பொறித்து வெளியிட்டு, அதன் ஒரு முகத்தில் கப்பலின் உருவத்தைப் பொறித்திருக்கும் நாணயம் முதல் வகை. பிரிக்கப்பட்ட அல்லது பழுதுபார்க்கப்பட்ட கப்பலிலிருந்து கிடைத்த செம்பைக் கொண்டு அச்சடித்த பதக்கம் இரண்டாம் வகை. கப்பலின் உள்ளேயே இருந்து, அது வீழ்ந்த பின் மீட்கப்பட்ட பணம் மூன்றாம் வகை. முதல் வகையை நாணயச்சாலையின் ஆவணங்களைக் கொண்டும், இரண்டாம் வகையைப் பதக்கத்தில் பொறித்த வாசகத்தையும் பழைய விற்பனைத் தாள்களையும் கொண்டும், மூன்றாம் வகையை அது கைமாறி வந்த வழியைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும். விலைக்கான காரணமும் மூன்றுக்கும் வேறு வேறு. விற்பவர் கப்பலின் கதையை எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், கையில் இருப்பது இந்த மூன்றில் எது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை விலையைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது

நாடுவாரியாகச் சேர்ப்பவர்கள் உண்டு. இந்தத் துறையில் அது சோர்வு தரும் வழி என்பது என் எண்ணம். கப்பல் பொறித்த நாணயம் வெளியிடாத கடலோர நாடு அரிது. பட்டியலுக்கு முடிவே இராது. அதைவிட ஒரு கப்பலையோ, ஒரே வகையான வரலாறு கொண்ட இரண்டு மூன்று கப்பல்களையோ எடுத்துக்கொண்டு, அவற்றோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் தேடுவது நல்லது. உதாரணமாக, மூழ்கிப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் மேலே கொண்டுவரப்பட்ட போர்க்கப்பல்கள் என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டால், இங்கிலாந்தின் மேரி ரோஸும் ஸ்வீடனின் வாசாவும் உடனே நினைவுக்கு வரும். 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் கவிழ்ந்த வாசா, 1961 ஏப்ரல் 24 அன்று நீருக்கு மேல் வந்தது. அதற்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்ட 1990ஆம் ஆண்டில் ஸ்வீடன் 200 குரோனர் வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. இப்படி வரம்பு கட்டிய சேகரிப்பில் பத்து நாணயங்கள் இருந்தாலே போதும், பார்ப்பவருக்கு ஒரு கதை புரியும்.

முதலில் வாங்க வேண்டிய நாணயம் எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, 2011இல் பிரிட்டன் வெளியிட்ட மேரி ரோஸ் இரண்டு பவுண்டு நாணயம். எட்டாம் ஹென்றியின் அந்தக் கப்பல் 1511இல் கடலுக்குப் போன 500ஆம் ஆண்டு நினைவாக வந்தது அது. 1545 ஜூலை 19 அன்று, பிரெஞ்சுப் படையோடு நடந்த சண்டையின் நடுவே, சோலன்ட் நீரிணையில் கப்பல் மூழ்கியது. 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடற்பகுதியில் எஞ்சியது மேலே தூக்கப்பட்டது. பொதுப் புழக்கத்துக்கென 10,40,000 நாணயங்கள் அச்சிடப்பட்டன. ஆகவே இது அரிய நாணயம் இல்லை, பெரிய விலையும் இல்லை. கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான நாணயம் கிடையாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த நாணயத்தைக் கையில் எடுத்து, முகங்களைத் தொடாமல் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு பாருங்கள். 28.4 மில்லிமீட்டர் விட்டம், 12 கிராம் எடை. வெளிவளையம் மஞ்சள் நிற நிக்கல் பித்தளை. நடுவட்டம் வெள்ளை நிறச் செம்பு நிக்கல் கலவை. ஜான் பெர்க்தால் வரைந்த கப்பல், அக்காலத்துக் கையெழுத்து ஆவணம் ஒன்றில் உள்ள ஓவியத்தை அடியொற்றியது. பின்புறம் உயர்ந்த மேடையும் பாய்மரங்களும் கொடிகளும் அதே பழைய ஓவியச் சாயலில் இருக்கும். விளிம்பைச் சுழற்றினால், பழைய எழுத்துக்கூட்டலில் ‘யுவர் நோபிளஸ்ட் ஷிப் 1511’ என்ற வாசகம் ஓடும். அரசியின் முகம் மேலே இருக்கும்படி வைத்தால் சில நாணயங்களில் இந்த வாசகம் நேராகவும், சிலவற்றில் தலைகீழாகவும் தெரியும். விளிம்பில் எழுத்து பதிவதும் முகங்கள் அச்சாவதும் தனித்தனி வேலைகள். வட்டத் தகடு எந்தப் பக்கம் மேலாக அச்சில் விழுகிறது என்பதை யாரும் கட்டுப்படுத்துவதில்லை. எனவே ஏறக்குறைய பாதி நாணயங்கள் தலைகீழாகத்தான் இருக்கும். இணையத்தில் இதையே ‘அபூர்வப் பிழை நாணயம்’ என்று எழுதிப் பல மடங்கு விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தலைப்பைக் கண்டவுடன் பக்கத்தை மூடிவிடலாம்.

இதே நாணயம் வெள்ளியிலும் தங்கத்திலும் ப்ரூஃப் வடிவில் வந்தது. ப்ரூஃப் என்றால், மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு, சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடித்த நாணயம். உருவமில்லாத வெற்றுப் பரப்பு கண்ணாடி போலப் பளபளக்கும், உருவம் பனி படர்ந்தது போல் மங்கிய வெண்மையாக எழுந்து நிற்கும். வெள்ளி ப்ரூஃபில் வெளிவளையத்துக்கு மட்டும் தங்க முலாம் பூசியிருப்பார்கள். பெட்டியும் சான்றிதழும் இல்லாத வெள்ளி ப்ரூஃபுக்கு மறுவிற்பனையில் மதிப்பு குறையும் என்பதால், வாங்கும்போதே அவை உள்ளனவா என்று கேட்டுவிட வேண்டும்.

கைச்செலவு அதிகமில்லாமல் தொடங்க விரும்புவோருக்கு வேறு சிலவும் உள்ளன. 1967இல் அக்டோபர் புரட்சியின் 50ஆம் ஆண்டுக்காகச் சோவியத் ஒன்றியம் வெளியிட்ட 20 கோப்பெக் நாணயத்தில் அரோரா போர்க்கப்பல் இருக்கிறது. 1905இல் சுஷிமா கடற்போரில் தப்பிப் பிழைத்து, 1917இல் குளிர்கால அரண்மனைத் தாக்குதலுக்குக் குண்டில்லாத வேட்டு ஒன்றால் சைகை கொடுத்த அதே கப்பல். 1987இல் வந்த ஒரு ரூபிளிலும் அரோரா உண்டு. பிரிட்டனின் பழைய அரைப்பென்னியில் 1937 முதல் 1967 வரை வந்த பாய்மரக் கப்பலை ஆங்கிலக் கடலோடி டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் என்று சொல்வது வழக்கம். டென்மார்க் 2007இல் தொடங்கிய 20 குரோனர் கப்பல் வரிசையின் முதல் நாணயமே அந்நாட்டுக் கடற்படையின் வேடரன் கப்பலைக் கொண்டது. கிரேக்க நாட்டின் ஒரு சென்ட் யூரோவில் ஏதென்ஸின் மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கலம் இருக்கிறது; அது நினைவு நாணயம் இல்லை, அன்றாடப் புழக்கத்துக்கானது, ஆனாலும் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொன்னால் சில்லறையாகவே இவற்றில் சில வந்து சேரும்.

கப்பலுக்குப் பெயர் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 2015இல் பிரிட்டன் வெளியிட்ட அரச கடற்படை இரண்டு பவுண்டு நாணயத்தில் டேவிட் ரோலண்ட்ஸ் வரைந்திருப்பது முதல் உலகப் போர்க் காலத்து ட்ரெட்னாட் வகைக் கப்பல் ஒன்று. கப்பலின் பெயர் நாணயத்தில் இல்லை. 6,50,000 மட்டுமே அச்சானதால் மேரி ரோஸை விடக் குறைவாகக் கிடைக்கும். ஆயினும் ஒரு குறிப்பிட்ட கப்பலின் வரலாற்றைத் தொடர்கிறவருக்கு இது ஓரத்தில் நிற்கும் நாணயம்தான்; குறைந்த எண்ணிக்கை என்ற ஒரே காரணத்துக்காக அதை முன்னே கொண்டுவர வேண்டியதில்லை.

பெரிய நாணயங்களும் முகமதிப்பும்

டிரஃபால்கர் போரின் 200ஆம் ஆண்டான 2005இல் பிரிட்டன் இரண்டு ஐந்து பவுண்டு நாணயங்களை வெளியிட்டது. ஒன்றில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் உருவம். மற்றொன்றில் விக்டரி, டெமரேர் என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்களும் போரில் இருக்கும் காட்சி. கிரவுன் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் இந்த அளவு நாணயங்கள் 38.61 மில்லிமீட்டர் விட்டமும் 28.28 கிராம் எடையும் கொண்டவை. செம்பு நிக்கலிலும், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியிலும், தங்கத்திலும் வந்தன. 1765 மே 7 அன்று சாத்தம் துறையில் நீரிலிறங்கிய விக்டரி, 1922 முதல் போர்ட்ஸ்மவுத் உலர்துறையில் நிற்கிறது. நெல்சன் 1805 அக்டோபர் 21 அன்று அதன் மேல்தளத்தில்தான் சுடப்பட்டார். இந்த ஒரு கப்பலுக்கே இவ்வளவு நாணயங்களும் பதக்கங்களும் உள்ளன என்பதால், விக்டரியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு வாழ்நாள் சேகரிப்புக்குப் போதும்.

வெள்ளிக் கிரவுனுக்கு விலை பேசும்போது முதலில் போட வேண்டிய கணக்கு எளிது. 28.28ஐ 0.925ஆல் பெருக்கினால் 26.16 கிராம் தூய வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் கிடைப்பது அடித்தளம். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் வடிவத்துக்கும் பெட்டிக்கும் எண்ணிக்கைக்கும் ஆனது. அந்த மேல்தொகை நியாயமா என்பதற்கு, விற்பனைக்குக் கேட்கும் விலைகளைப் பார்ப்பதால் பயனில்லை. ஏலத் தளங்களில் உண்மையில் விற்று முடிந்தவற்றின் பட்டியலைப் பார்க்க வேண்டும். செம்பு நிக்கல் கிரவுனுக்கு இந்த அடித்தளமே கிடையாது. முகமதிப்பு ஐந்து பவுண்டு என்று பொறித்திருந்தாலும், அது கடையில் கொடுத்து மாற்றுவதற்கென்று வெளியிடப்பட்டதல்ல.

துவாலு, குக் தீவுகள், நியூவே போன்ற சிறிய தீவு நாடுகளின் பெயரில் வரும் கப்பல் நாணயங்களைப் பற்றி ஒரு சொல். அவை வேறொரு நாட்டு நாணயச்சாலையில், சேகரிப்பாளர் சந்தையை மனத்தில் வைத்தே அச்சிடப்படுகின்றன. துவாலு நாணயங்கள் பலவற்றை ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை அடிக்கிறது. வண்ணம் பூசிய போர்க்காட்சிகள் பார்க்க அழகாக இருக்கும், வெள்ளியும் சரியான தரத்தில் இருக்கும். ஆனால் அந்தக் கப்பலுக்கும் அந்தத் தீவுக்கும் எந்தத் தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. எனக்கு இவை அவ்வளவாக ஒட்டுவதில்லை. அழகுக்காக ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதைத் தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

இவற்றைவிடக் கீழே ஒரு படி உண்டு. நாட்டின் பெயர் இல்லை, முகமதிப்பு இல்லை, ‘24 காரட் தங்கப் பூச்சு’, ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்ற சொற்கள் மட்டும் இருக்கும். இவை தனியார் நிறுவனங்கள் அடித்த பதக்கங்கள். நாணயம் என்ற சொல்லை விளம்பரத்தில் மட்டுமே தாங்கியவை. தங்கப் பூச்சின் மதிப்பு சொல்லத்தக்கதாக இராது. முதல் துண்டை அஞ்சல் செலவுக்கே தருவதாகச் சொல்லி, பின்னர் மாதந்தோறும் அடுத்தடுத்த துண்டுகளை முழு விலைக்கு அனுப்பும் முறையும் இந்த வியாபாரத்தில் வழக்கம். விண்ணப்பத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்காமல் அட்டை எண்ணைத் தருவது கூடாது.

இந்திய நாணயங்களைப் பொறுத்தவரை, நம் மத்திய அரசின் நாணயச்சாலைகள் நினைவு நாணயங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பதிவு திறந்து, பின்னர் அச்சடித்து அனுப்புகின்றன. அந்தக் காலம் தவறினால் வெளிச்சந்தையில் கூடுதல் விலைதான். நீண்ட காலமாக 100 ரூபாய் போன்ற உயர்மதிப்பு நினைவு நாணயங்கள் 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை, பாதி வெள்ளி என்ற அளவில் வந்தன. ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிடப்பட்ட நினைவு நாணயம், தனியொரு கப்பலைக் குறித்ததாக இல்லாவிட்டாலும், இந்தச் சேகரிப்பில் இடம் கேட்கும் உரிமை உள்ளது.

கப்பலின் செம்பு

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏமாற இடமிருப்பதும் இங்கேதான். 1799 முதல் 1800 வரை நெல்சனின் தலைமைக் கப்பலாக இருந்த ஃபூட்ராயன்ட், 1897 ஜூன் 16 அன்று பிளாக்பூல் கடற்கரையில் புயலில் ஒதுங்கிச் சிதைந்தது. அப்போது அதன் உரிமையாளராக இருந்த வீட்லி காப், அதைக் காட்சிக் கப்பலாகச் சீரமைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். சிதைந்த கப்பலின் மரத்திலிருந்து நாற்காலிகளும் கைத்தடிகளும், செம்பிலிருந்து பதக்கங்களும் செய்து விற்கப்பட்டன. அந்தச் செம்புப் பதக்கங்கள் பல வடிவங்களில் இன்றும் பிரிட்டிஷ் ஏலங்களில் தவறாமல் வருகின்றன. நூற்றாண்டு கடந்த பொருளுக்கு விலை வியக்கும்படி குறைவு. 1905இல் டிரஃபால்கர் நூற்றாண்டின்போது, மாலுமிகளின் நலனுக்கான சங்கம் ஒன்று வெளியிட்ட சிறு பதக்கத்தில் விக்டரி, ஃபூட்ராயன்ட் ஆகிய இரு கப்பல்களின் செம்பும் கலந்திருப்பதாகப் பொறித்திருக்கிறது.

இங்கே வாசகத்தை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ‘இந்தக் கப்பலின் செம்பால் செய்தது’ என்பது வேறு. ‘இந்தக் கப்பலின் செம்பு அடங்கியது’ என்பது வேறு. பின்னதில், உருக்கிய பெருந்தொகையான செம்பில் கப்பலின் துண்டு ஒன்றைப் போட்டிருந்தாலும் வாசகம் பொய்யாகாது. சோதனைச்சாலைக்கு அனுப்பினாலும், செம்பு இன்ன கப்பலைச் சேர்ந்தது என்று சாதாரணமாக நிறுவ முடியாது. ஆகவே இந்த வகையில் உலோகத்தைச் சோதிப்பதை விட, அதே வடிவப் பதக்கம் பழைய ஏலப் பட்டியல்களிலும் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பிலும் பதிவாகி இருக்கிறதா, அளவும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே வழி. கிரீன்விச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பை வீட்டிலிருந்தே தேடலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் கப்பல் சிதைந்த பின், வீட்லி காப் வேறொரு பழைய போர்க்கப்பலை வாங்கி அதற்கும் ஃபூட்ராயன்ட் என்றே பெயர் வைத்தார். அந்தக் கப்பல் 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய டிரிங்கமலி. நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கியது. 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்று, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. எனவே வெறுமனே ஃபூட்ராயன்ட் என்று பொறித்த ஒரு நினைவுப் பொருளைப் பார்த்தால், நெல்சனின் பெயரோ 1897 என்ற ஆண்டோ கூட இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இரண்டாவது கப்பலுக்கு உரியதாக இருக்கலாம். திருகோணமலைக்காரர் ஒருவருக்கு அதுவே அதிக மதிப்புள்ளதாகத் தோன்றினால் நான் மறுக்க மாட்டேன்.

கப்பலின் உலோகத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் ஆசை பழையகாலத்தோடு முடியவில்லை. 1997இல் ஓய்வுபெற்ற நம் முதல் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் உடைக்கப்பட்ட பின், அதன் இரும்பைக் கலந்து செய்ததாகச் சொல்லி 2016இல் ஒரு மோட்டார் சைக்கிளே விற்பனைக்கு வந்தது. விக்ராந்த் உலோகத்தில் செய்தவை என்று இணையத்தில் வரும் பதக்கங்களுக்கும் மேலே சொன்ன அதே கேள்விகள்தான்: யார் வாங்கிய உலோகம், யார் அடித்தது, அதற்கு என்ன தாள் இருக்கிறது.

கப்பலோடு சமகாலத்தில் அடிக்கப்பட்ட பதக்கங்கள் என்ற மேற்படிக்கு ஏறினால் செலவு கூடும். 1798 நைல் போருக்காக நெல்சனின் முகவர் அலெக்சாண்டர் டேவிசன் தன் செலவில் கொடுத்த பதக்கம், மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அச்சானது. தளபதிகளுக்குத் தங்கம், இளநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்களுக்குக் கீழே முலாமிட்ட வெண்கலம், மாலுமிகளுக்கு வெறும் வெண்கலம். விளிம்பில் டேவிசனின் பெயரும் முகவரியும் ஓடும். அந்த விளிம்பு வாசகம் தேய்க்கப்பட்டிருந்தாலும், தொங்கவிடத் துளை போட்டு அடைத்திருந்தாலும் விலை சரியும். அசலோடு பிற்கால நகல்களும் கலந்து வருவதால், பெயர்பெற்ற ஏல நிறுவனத்தின் சீட்டு இல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

கப்பலிலிருந்தே வந்த பணம்

சென்னைவாசிகளுக்கு எம்டனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டுக் கொளுத்திய அந்த ஜெர்மன் கப்பலைப் பற்றிய கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகத்துச் சுவரில் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை அடித்து முடக்கியது. சீனக் கடற்கரையில் உள்ள சிங்தாவோவைத் தளமாகக் கொண்டிருந்த எம்டனில், அப்பகுதி வணிகத்தில் எங்கும் செல்லுபடியான மெக்சிகோ வெள்ளி டாலர்கள் பெருமளவில் இருந்தன. சிதைந்த கப்பலிலிருந்து மீட்கப்பட்ட அவற்றில் 1,000 டாலர்களுக்குச் சிட்னி நகரத்து நகைக்கடைக்காரர் டபிள்யூ. கெர் மேலே கிரீடமும், தேதியும் இரு கப்பல்களின் பெயர்களும் கொண்ட பட்டைகளும் பொருத்திப் பதக்கமாக்கினார். சிட்னி கப்பலின் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் அவை வழங்கப்பட்டன. சில பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. நாணயமும் பதக்கமும் ஒன்றான இந்தப் பொருளுக்கு நிகராக இந்தச் சேகரிப்பில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் மெக்சிகோ டாலர் மலிவாகக் கிடைக்கும் நாணயம்; கிரீடத்தைச் செய்து ஒட்டுவதும் கைவந்தவருக்குக் கடினமில்லை. முதலில் நாணயத்தின் ஆண்டைப் பாருங்கள். 1914க்குப் பிந்தியதாக இருக்க வழியே இல்லை. பிறகு எடை: எட்டு ரியால் ஆனாலும் அதன்பின் வந்த பெசோ ஆனாலும் 27.07 கிராம், ஆயிரத்துக்கு 903 பங்கு வெள்ளி, சுமார் 39 மில்லிமீட்டர். பொருத்திய பகுதியின் எடை சேர்வதால் பதக்கத்தில் இதை நேராக நிறுத்துப் பார்க்க முடியாது. ஒட்டிய இடத்துப் பற்றாசின் நிறத்தையும் பழமையையும் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ‘எம்டனிலிருந்து மீட்டது’ என்று கிரீடம் இல்லாத தனி டாலரை விற்பவரிடம், அந்தக் காலத்து விற்பனைச் சீட்டோ கடிதமோ கேளுங்கள். இல்லையென்றால் அது வெறும் மெக்சிகோ டாலர். அந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம்.

பற்றவைப்பு இல்லாத வெள்ளி நாணயத்தை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. நல்ல மெக்சிகோ டாலருக்கு அது 2.63 கிராமை ஒட்டி வரும். அதே எடையுள்ள செம்பு நிக்கல் போலிக்கு 3.04 வரும். வெள்ளிக் கிரவுனுக்கு 2.73, செம்பு நிக்கல் கிரவுனுக்கு 3.18. ப்ரூஃப் நாணயத்தை மட்டும் நீரில் இறக்கக் கூடாது. கறை விழுந்தால் போகாது. காந்தம் ஒட்டுகிறதா என்ற சோதனை இரும்புப் போலியைக் காட்டிக்கொடுக்கும். மற்றபடி, ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது.

கடலடியிலிருந்து வந்தது என்று விற்கப்படும் நாணயங்களில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பானியப் போர்க்கப்பலான மெர்சிடிஸ் 1804 அக்டோபர் 5 அன்று பிரிட்டிஷ் கப்பல்களோடு நடந்த சண்டையில் வெடித்து மூழ்கியது. 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை எடுத்தது. வழக்கு நடந்து, 2012இல் அத்தனையும் ஸ்பெயினுக்குத் திரும்பின. மூழ்கினாலும் போர்க்கப்பல் அதன் நாட்டுக்கே சொந்தம் என்பதே ஸ்பெயினின் வாதத்தின் அடிப்படை. எனவே போர்க்கப்பலின் சிதைவிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் நாணயத்துக்கு, அனுமதியோடு மீட்கப்பட்டது என்ற ஆவணம் வேண்டும்.

வணிகக் கப்பல்களில் நிலைமை சற்று எளிது. அவற்றில் ஒன்று நமக்கு நெருக்கமானதால் இங்கே சேர்க்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், சென்னை மாகாணத்துக்கென சோஹோ ஆலையில் அடித்த 1808ஆம் ஆண்டுச் செம்புக் காசுகளோடு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் உடைந்தது. 1980களில் பெருமளவில் மீட்கப்பட்ட அந்தப் பத்து காசு, இருபது காசு நாணயங்கள் இன்றும் எளிய விலையில் வருகின்றன. மதராஸ் வந்து சேராத மதராஸ் காசுகள். கம்பெனியின் சின்னம் ஒரு பக்கம், பாரசீக எழுத்து மறுபக்கம். கடல்நீர் அரித்த மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். பளபளவென்று தேய்த்து விற்பதை விட அரித்ததை அப்படியே வாங்குவது மேல்.

பாதுகாப்பும் பதிவும்

எந்த நாணயத்தையும் துலக்க வேண்டாம். புளி, திருநீறு, பித்தளை துலக்கும் பொடி, பற்பசை எல்லாமே மேற்பரப்பைக் கீறும். கீறல் விழுந்த நாணயத்தைத் தெரிந்த வியாபாரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். செம்புப் பதக்கத்தின் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, அதுவே அதன் வயது. கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினை விட்டு நாணயத்தைக் கெடுக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சாளரம் வைத்த அட்டை ஹோல்டரோ, அளவான கடின பிளாஸ்டிக் கேப்ஸ்யூலோ போதும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் வெள்ளி விரைவில் கறுக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். மர அலமாரியின் புதிய வார்னிஷ் வாடையும் வெள்ளிக்கு ஆகாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வேண்டும்: கப்பல், வெளியிட்ட நாடு, ஆண்டு, உலோகம், நீங்களே அளந்த எடையும் விட்டமும், வாங்கிய இடம், விலை, கூட வந்த தாள்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொன்ன வரலாற்றை எழுதினால், அது அவர் சொன்னது என்று குறித்தே எழுதுங்கள்; நாளை அதை வாங்குபவர் உங்கள் குறிப்பையே சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடும்.

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைத்தால் சுங்கவரி உண்டு என்று கணக்கில் வைத்துக்கொண்டு ஏலம் கேளுங்கள். உறையின் மேல் உண்மை விலையையே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியில் தொலையும் பொருளுக்கு ஈடு கிடைக்காது. இந்தியாவிலிருந்து வெளியே அனுப்புவதில் இன்னும் கவனம் தேவை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே; அதைத் தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். தரச்சான்று பெறுவதற்காக அமெரிக்க நிறுவனங்களுக்கு நாணயங்களை அனுப்பும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் கிரவுனை அனுப்புவதற்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது. அட்மிரல் கார்ட்னர் காசையோ, கிரீடம் பொருத்திய எம்டன் டாலரையோ அப்படி அனுப்ப முடியாது, அவை வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவந்தவையாக இருந்தாலும் இந்தியத் தொல்லியல் துறையிடம் விசாரிக்காமல் உறையில் இட வேண்டாம்.